மாடிக்கு ஏறும் முன் மீட்டரைப் பாருங்கள்: ஓசூர், கிருஷ்ணகிரி கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்கார நண்பர்களே,

பாகலூர் சாலையிலும் ராயக்கோட்டை சாலையிலும் தளி சாலையிலும், சிப்காட் வாசல்களைச் சுற்றியும், சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர் கடைத்தெருக்களிலும் காலையில் ஷட்டர் தூக்குகிற எல்லோருக்கும் இந்த மடல். ஜெராக்ஸ் கடையோ பேக்கரியோ பால் கடையோ தையல் கடையோ, உங்களிடம் சோலார் வைக்கச் சொல்லி இதற்குள் ஒருவராவது வந்திருப்பார். கையில் வண்ண நோட்டீஸ், போனில் ஒரு கணக்கு. ‘மாடியில் ஐந்நூறு அடி சும்மா கிடக்கிறது, ஐந்து கிலோவாட் போட்டுவிடலாம், மூன்றே வருடத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்’ என்று சொல்லியிருப்பார்.

கடைக்கு சோலார் வேண்டும் என்ற கட்சியில்தான் நானும் இருக்கிறேன். 2012-இல் சென்னைக்கு வெளியே தமிழகம் முழுக்க மணிக்கணக்காக இருண்டு கிடந்ததும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி ஊற்றியே லாபம் கரைந்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. அந்த ஆண்டுதான் தமிழக அரசு தன் முதல் சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டது. அப்போது கடைக்காரருக்கு எட்டாத விலையில் இருந்த பலகை இன்று எட்டும் விலைக்கு வந்துவிட்டது. ஆனால் கணக்கை மாடியின் பரப்பிலிருந்து தொடங்குபவர் உங்களுக்காகக் கணக்குப் போடவில்லை, தன் விற்பனைக்காகப் போடுகிறார். கடைக்கான கணக்கு மீட்டரிலிருந்து தொடங்க வேண்டும். அதிலும் பகலில் ஓடும் மீட்டரிலிருந்து.

காரணம் இதுதான். கடை இணைப்புக்கு இப்போது இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரை ஓடினால் யூனிட் ஆறரை ரூபாயை ஒட்டி வருகிறது. நூறைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே பத்து ரூபாய்ச் சொச்சம். வீட்டு இணைப்பில் கிடைக்கும் நூறு யூனிட் இலவசம் கடைக்குக் கிடையாது. இதற்கு மேல், அனுமதி பெற்ற கிலோவாட்டுக்கு ஏற்ற நிலைக்கட்டணம் தனியாக உண்டு. மாடி முழுக்கப் பலகை விரித்தாலும் அந்த நிலைக்கட்டணம் ஒரு பைசா குறையாது. ‘பில்லே வராது’ என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இந்த நூறு யூனிட் கோட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பலர் அதன் ஓரத்தில்தான் நிற்கிறீர்கள். இரண்டு மாதத்துக்கு 170 யூனிட் ஓடும் ஒரு சின்னத் துணிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மின்விசிறிகள் மூன்று, ஒவ்வொன்றும் 75 வாட். நாளுக்குப் பத்து மணி நேரம் சுற்றுகின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகள் மாட்டினால் நாளுக்கு 1.35 யூனிட் மிச்சம், அறுபது நாளில் 81 யூனிட். 170 என்பது 89 ஆகிறது. பில்லில் யூனிட்டுக்கான தொகை ஆயிரத்து எழுநூறு ரூபாயிலிருந்து அறுநூறுக்குக் கீழே இறங்கும். மூன்று விசிறிக்கும் சேர்த்து ஒன்பதாயிரம், பத்தாயிரம் ரூபாய் ஆகும். ஒன்றரை வருடத்துக்குள் அந்தப் பணம் திரும்பிவிடும். இந்தக் கடைக்கு சோலார் தேவையில்லை. இப்படிப்பட்ட கடைக்கு இரண்டு கிலோவாட் விற்பவரை நான் நல்ல வியாபாரி என்று சொல்ல மாட்டேன்.

நூறை வெகுதூரம் தாண்டிய கடைகளுக்குத்தான் அடுத்த கணக்கு. நம் பகுதியில் ஒரு கிலோவாட் பலகை, ஆண்டு முழுதும் சராசரி போட்டால், நாளுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே வெயில் உண்டு, வேகிற சூடு குறைவு. பலகைக்கு இது நல்லது. சூடு ஏற ஏற அதன் உற்பத்தி குறையும் என்பதால், கிருஷ்ணகிரியில் சித்திரை மாதம் காயும் பலகையைவிட ஓசூர்ப் பலகைக்கு அந்த இழப்பு கொஞ்சம் குறைவு. ஆனி, ஆடி மேகத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இரண்டு ஊரிலும் உற்பத்தி குறையும். ஏப்ரல் மாத யூனிட்டைக் காட்டி ஆண்டுக் கணக்குப் போடுபவரை நம்ப வேண்டாம்.

ராயக்கோட்டை சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். நான்கு எல்.இ.டி. குழல் விளக்கு, இரண்டு விசிறி, இரண்டு கணினி, கேமராவும் வைஃபையும் இருபத்து நான்கு மணி நேரமும், ஜெராக்ஸ் மெஷினுக்கு நாளுக்கு மூன்று யூனிட். எல்லாம் சேர்த்தால் நாளுக்கு எட்டு யூனிட் வரும். அதில் வெயில் இருக்கும்போது ஓடுவது ஆறு. ஞாயிறு விடுமுறை.

இந்தக் கடைக்கு ஒரு கிலோவாட் வைத்தால், வேலை நாளில் வரும் நான்கு யூனிட்டும் கடைக்குள்ளேயே செலவாகிவிடும். ஒவ்வொன்றும் பத்து ரூபாயை மிச்சம் பிடிக்கும், ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சொச்சம். இன்று சிறிய அமைப்புகளுக்குக் கிலோவாட்டுக்கு 55,000 முதல் 75,000 ரூபாய் வரை சொல்கிறார்கள். எழுபதாயிரம் என்று வைத்தாலும் ஆறு வருடத்துக்குள் முதல் திரும்பும். இதே கடைக்கு அந்த ஐந்து கிலோவாட்டை வைத்தால் நாளுக்கு இருபது யூனிட் வரும், ஆறு போகப் பதினான்கு வெளியே போகும். வீட்டுக்காரருக்கு யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொடுக்கும் நெட் மீட்டரிங் உண்டு. கடைக்கு நெட் ஃபீட்-இன் முறை. நீங்கள் வாங்கும் யூனிட்டுக்கு முழு விலை கட்ட வேண்டும், நீங்கள் தரும் யூனிட்டுக்கு அதில் பாதிகூட வராது. மூன்று ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டாலும், மூன்று லட்சத்துக்கு மேல் போட்ட முதல் திரும்ப ஒன்பது வருடம் ஆகும். அதற்குள் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்ற வேண்டியும் வரலாம்.

பேக்கரிக்காரருக்குக் கணக்கு வேறு. ஃப்ரீசரும் கண்ணாடிக் குளிர்பெட்டியும் ஞாயிறு பார்ப்பதில்லை. வெயில் ஏற ஏற அவையும் கூடுதலாக இழுக்கும், அதே நேரத்தில் மாடியிலும் கூடுதலாக உற்பத்தியாகும். நாளுக்கு இருபது யூனிட்டுக்கு மேல் ஓடும் பேக்கரிக்கு மூன்று கிலோவாட் தாராளமாகப் பொருந்தும், வருவதில் பெரும்பகுதி உள்ளேயே செலவாகும். ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கு மேல் மிச்சமாகும். பால் கடை, ஐஸ்கிரீம் கடை, ரோஜாப் பூவைக் குளிரில் வைத்து அனுப்பும் கடை, இவர்கள்தான் முதலில் வைக்க வேண்டியவர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்து இரவு பதினொன்றுக்கு மூடும் சில்லி சிக்கன் கடைக்கு நான் சோலார் சொல்ல மாட்டேன்.

பகல் செலவைக் கூட்ட நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர், போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர் செய்யும் தொழிற்சாலைகள் நம்மைச் சுற்றித்தான் இருக்கின்றன, உங்களில் பலர் டெலிவரிக்கு அந்த வண்டியைத்தான் ஓட்டுகிறீர்கள். அதை இரவில் வீட்டில் செருகாமல் காலை பதினொரு மணிக்குக் கடையில் செருகுங்கள். மூன்று ரூபாய்க்கு வெளியே போக வேண்டிய யூனிட் வண்டியில் ஏறிக்கொள்ளும்.

மானியத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய். இது வீட்டு இணைப்புக்கு மட்டும். கடை இணைப்புக்குக் கிடையாது. கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் வீட்டு இணைப்பில் அமைப்பை வைத்து மானியம் வாங்கிவிட்டு, கம்பியைக் கடைக்கு இறக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பிடிபட்டால் அபராதம் கட்டப்போவது நீங்கள்தான், யோசனை சொன்னவர் அல்ல.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் உங்களுக்கு உண்மையான லாபம் ஒன்று வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பொருளும் பொருத்தும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தமானால் நூறில் எழுபதுக்கு 5, முப்பதுக்கு 18, மொத்தத்தில் 8.9 சதவீதம். பழைய கணக்கில் இது 13.8. கொட்டேஷனில் எது போட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘நாற்பது சதவீதத் தேய்மானம் கழிக்கலாம்’ என்பதும் முழுக் கணக்குப் புத்தகம் வைத்து வரி கட்டுபவருக்குத்தான். விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று அனுமான முறையில் வரி கட்டும் பெரும்பாலான சிறு கடைக்காரருக்கு அதில் தனிப் பலன் இல்லை. காம்போசிஷன் முறையில் இருப்பவர் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

உற்பத்தியாகும் யூனிட்டுக்கு வலையமைப்புக் கட்டணம் என்றும் ஒன்று இருக்கிறது. தொழில் அமைப்புகள் குரல் கொடுத்த பிறகு, 2023-இல் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அதைப் பாதியாகக் குறைத்தார்கள். உங்கள் இணைப்புக்கு எவ்வளவு என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். உத்யம் சான்றிதழ் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

இனி, கடைக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு லைனை நிறுத்துவார்கள். உச்சி வெயில், மாடியில் பலகைகள் பளபளவென்று இருக்கும், கீழே கடை இருட்டாக இருக்கும். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பு லைன் போனதும் தானாக நின்றுவிடும், அது பழுதல்ல. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் உங்கள் மாடிக் கரண்ட் திரும்பி வந்து தாக்கிச் சாகக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. இதை முன்கூட்டியே சொல்லாமல் விற்பதுதான் தவறு.

பவர் கட்டில் என்னென்ன ஓடியே ஆக வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். பில் போடும் கணினி, ஸ்கேல், விளக்கு, ஒரு விசிறி. இவற்றுக்கு ஏற்கனவே கடையில் இருக்கும் யு.பி.எஸ். போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி என்பது 1.8 யூனிட் கொள்ளளவு, பேட்டரி கெடாமல் எடுக்கக்கூடியது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். முந்நூறு வாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஃப்ரீசரும் ஓட வேண்டும் என்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வேண்டும், செலவு கிட்டத்தட்ட இரட்டிக்கும். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால், இன்வெர்ட்டரின் அளவை அந்தக் கிளம்பும் சுமைக்குப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். மூடி திறக்காமல் வைத்தால் நல்ல ஃப்ரீசர் நாலைந்து மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். எனவே மாதத்தில் ஒரு நாள் மின்தடைக்காக லட்ச ரூபாய் பேட்டரி வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இப்போது மாடிக்கு ஏறலாம். ஒரு பலகை இன்று 540, 550 வாட். ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், இருபத்தெட்டு கிலோ வரை எடை. இரண்டு பலகை ஒரு கிலோவாட். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரியை ஒட்டி இருப்பதால் தெற்குப் பார்த்துப் பத்து முதல் பதினைந்து டிகிரி சாய்வு போதும். நிழலைத்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கும் நடுப்பகலிலும் சாயங்காலம் நான்கு மணிக்கும் மாடியில் நின்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம், படிக்கட்டு அறை, உங்கள் கடையின் பெயர்ப்பலகையே கூட. மார்கழியில் சூரியன் தெற்கே இறங்கும்போது இந்த நிழல்கள் நீளும். தொடராக இணைத்த வரிசையில் ஒரு பலகையின் மூலையில் நிழல் விழுந்தாலும் வரிசை முழுதின் உற்பத்தியும் அடிபடும். அதைவிட முக்கியம், தெற்கே காலி மனை இருக்கிறதா என்பது. ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது. இந்த வருடம் காலியாக இருக்கும் மனையில் அடுத்த வருடம் மூன்று மாடி நிற்கும். மனைக்காரர் கட்டப்போகிறாரா என்று விசாரிக்காமல் இருபத்தைந்து வருடப் பலகையை வைக்காதீர்கள்.

கிரானைட் அறுக்கும் பட்டறைகளும் எம்-சாண்ட் லாரிகளும் இந்த மாவட்டத்தின் வாழ்வாதாரம், அவற்றின் தூசியும் நம்மோடுதான் இருக்கிறது. பர்கூர் பக்கம் சாலையோரக் கடையின் பலகையில் விரலால் கோடு போட்டால் கோடு தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விடியற்காலையில், பலகை சூடேறும் முன் கழுவுங்கள். போர்த் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் ஓரங்களில் வெள்ளையாக உப்புப் படியும், நாளடைவில் அதைச் சுரண்டவும் முடியாது. மழைநீரைப் பிடித்து வைத்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் துடைப்பானால் உடனே வழித்துவிடுங்கள். மாடிக்கு ஒரு குழாய் போடுவதும் திட்டத்தின் செலவில் சேர வேண்டும்.

ஒரு கடையின் மாடியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான்கு பலகை. தொடராக இணைத்திருந்தார்கள், அதாவது இருநூறு வோல்ட் அளவுக்கு டி.சி. கரண்ட். அதன் இணைப்பு ஒன்றைப் பொருத்தமான கனெக்டர் இல்லாமல் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றி விட்டிருந்தார்கள், டேப் உருகிக் கொழகொழவென்று இருந்தது. எர்த்திங் கம்பி சுவரோரம் இறங்கிப் பாதியில் நின்றிருந்தது, குழி தோண்டவே இல்லை. இன்வெர்ட்டர் மேற்குச் சுவரில், முழு வெயிலில். பொருத்திய ஆள் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர், போன் எடுப்பதில்லை. கீழே பெயின்ட் கடை, மேலே எப்போது தீப்பொறி பறக்கும் என்று தெரியாத இணைப்பு. சித்திரை, வைகாசியில் இங்கே அடிக்கும் இடி மின்னலுக்கு இடிதாங்கியும் தனித்தனி எர்த்திங் குழிகளும் இல்லாத அமைப்பு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்திப்பள்ளி தாண்டி வருபவர் எல்லோரும் இப்படி என்று சொல்லவில்லை. பெங்களூருவில் 1995-இல் ஹரிஷ் ஹண்டேயும் கூட்டாளியும் தொடங்கிய செல்கோ நிறுவனம், ஏழை வீடுகளுக்கு விளக்குப் போடுவதில் தொடங்கி, தையல் மெஷின் போன்ற பிழைப்புக் கருவிகளுக்கும் சோலார் என்று விரிந்தது. தேவைக்கு ஏற்ற அளவு, வருமானம் வரும் முறைக்கு ஏற்ற கடன் தவணை, பழுது பார்க்கப் பக்கத்திலேயே ஆள் என்பதை அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஹண்டேவுக்கு 2011-இல் மக்சேசே விருது கிடைத்தது. பலகையை விற்பதும் சேவையைத் தருவதும் வேறு வேறு என்பதற்கு ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரத்திலேயே நமக்குச் சான்று இருக்கிறது. கர்நாடகத்து நிறுவனமோ நம் ஊர் நிறுவனமோ, தமிழ்நாட்டு மின்வாரியத்தின் விண்ணப்பமும் இருவழி மீட்டர் நடைமுறையும் தெரிந்தவரா, ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ சர்வீஸ் ஆள் வைத்திருக்கிறாரா, இரண்டையும் கேளுங்கள். மீட்டர் மாற்றி ஓடத் தொடங்கிய பிறகு கொடுக்க மொத்தத் தொகையில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள்.

கடைசியாக, உங்களில் பெரும்பாலோர் வாடகைக் கடையில் இருக்கிறீர்கள். மாடி கட்டடக்காரருடையது. பதினொரு மாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு ஆறு வருடத்தில் திரும்பும் முதலைப் போடாதீர்கள். முதலில் கட்டடக்காரரிடம் பேசி, மாடியைப் பயன்படுத்தும் உரிமையையும், காலி செய்யும்போது பலகையைக் கழற்றி எடுத்துப்போகலாம் அல்லது மிச்ச மதிப்பை அவர் தர வேண்டும் என்பதையும் முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள், விண்ணப்பம் அந்தப் பெயரில்தான் போக வேண்டும். கட்டடக்காரர்களே, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆறு கடை உள்ள வளாகத்தில் ஆறு பேரும் தனித்தனியே ஆள் பிடித்து ஆறு விதமாகக் கம்பி இழுப்பதைவிட, நீங்கள் முன்நின்று ஒரே தரத்தில் செய்ய வைத்தால் உங்கள் கட்டடத்துக்கும் பாதுகாப்பு, அவர்களுக்கும் விலை குறையும்.

வியாபாரிகள் சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன். கடை பூட்டும் சாயங்காலம் ஒன்றில் மின்வாரிய உதவிப் பொறியாளரையும் வங்கி மேலாளரையும் அழைத்து, கடை இணைப்புக்கான விதியையும் கட்டணத்தையும் கடன் வட்டியையும் எல்லோர் முன்னாலும் சொல்லச் சொல்லுங்கள். தெருவுக்குப் பத்துக் கடை சேர்ந்து கொட்டேஷன் கேட்டால் ஏமாற்ற வருபவர் வரமாட்டார்.

உங்களிடம் கேட்பது இதைவிடச் சின்ன வேலை. நாளை முதல் இரண்டு வாரத்துக்குக் கடை திறந்ததும் ஒருமுறை, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒருமுறை, பூட்டும்போது ஒருமுறை மீட்டர் ரீடிங்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஞாயிறையும் விடாதீர்கள். சோலார் விற்க அடுத்து வருபவர் மாடியைக் கேட்டால், முதலில் அந்த நோட்டைக் கொடுங்கள். அதைப் பார்த்துவிட்டுக் கிலோவாட் சொல்பவரோடு பேசுங்கள், பார்க்காமலே சொல்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைத்தெருக்களில் வயரிங் வேலை பார்க்கும் ஒருவன்